செல்ஃப் எடுக்காத லாரி

“போன குளிர்காலத்துலேருந்து ஒரே இடத்துல கெடக்கு. எழுப்பிப் பாப்பியா, இல்ல அடக்கம் பண்ணிடலாமா?” என்றார் லாரிக்காரப் பெரியவர் அபூ நவ்வாஃப்.

மெக்கானிக் தலால் லாரிக்குள் ஏறிச் சாவியைத் திருப்பினான். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. எஞ்சின் ‘டிக்’கென்றுகூடச் சொல்லவில்லை.

“பேட்டரி நேத்துதான் சார்ஜ் ஏத்தினேன். அதைக் குறை சொல்லாதே,” என்றபடி பெரியவர் வாசலில் உட்கார்ந்து காப்பி ஊற்றினார்.

ஜோர்டானின் மஆன் ஊரில் காப்பி வெறும் காப்பி அல்ல. பெண் கேட்க வந்தவர்கள் கோப்பையில் வாய் வைக்காமல் கீழே வைப்பார்கள்; பெண் வீட்டார் ‘கொடுத்தோம், குடியுங்கள்’ என்று சொன்ன பிறகே எடுப்பார்கள். பெரியவரின் மகள் வத்ஹாவை மனத்தில் வைத்துக்கொண்டு, டயர், ஆயில் என்று ஏதேதோ சாக்கில் இரண்டு வருடமாக வந்துபோகிறான் தலால். ஊற்றிய காப்பியை ஒரு நாளும் கீழே வைத்ததில்லை.

இன்றும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேலையில் இறங்கினான்.

எர்த் கம்பியைச் சுரண்டி இறுக்கினான். பலனில்லை. நெம்பிச் சுற்றியதும் எஞ்சின் சுழன்றது, இறுகிப்போகவில்லை. முன்சக்கர மட்கார்டின் புழுதியில் அகலமான உள்ளங்கைத் தடம் ஒன்று இருந்தது. தெருப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்துக்கொண்டு அதற்குக் கீழே குனிந்தான்.

செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சின்ன வயர் கழன்று தொங்கியது. செருகினால் முடிந்தது வேலை.

கை நீண்டது. மாடி ஜன்னலில் திரை அசைந்தது. கை திரும்பி வந்துவிட்டது. இதை இப்போதே மாட்டிவிட்டால் நாளைக்கு என்ன சொல்லிக்கொண்டு வருவது?

“செல்ஃப் மோட்டார் போச்சு மாமா. கழட்டிப் பிரிக்கணும். ஒரு வாரமாவது ஆகும்.”

“ஒரு வாரமா?”

“தினம் வந்து பாத்துக்கறேன். எனக்கொண்ணும் சிரமமில்ல.”

“உனக்கென்னடா சிரமம்! காப்பி என்னுது.”

மாடியில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் எழுந்து வந்து, மட்கார்டில் கை ஊன்றிக் குனிந்தார். புழுதியிலிருந்த தடத்தில் அந்தக் கை அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது.



“நான் பிடுங்கின வயரை நானே மாட்டிக்கறேன். ஏறிச் சாவியைத் திருப்பு.”

லாரி உறுமிக்கொண்டு எழுந்தது.

“பொண்ணைப் பெத்தவன் நானா வந்து கேக்க முடியும்?” அந்த உறுமலுக்கு மேல் பெரியவர் கத்தினார். “நாளைக்கு உன் பெரியப்பாவைக் கூட்டிட்டு வா. காப்பி ஊத்துவேன், குடிச்சுத் தொலைச்சிடாதே!”