விரல் எடுக்கும் வரை

சோதனை அறையின் கண்ணாடி வழியே மத்தியான வெயில் மேசைவரை வந்துவிட்டது. அவள் குனிந்தபடியே நிற்கிறாள். அவளுடைய ஆள்காட்டி விரல் புது மதர்போர்டில் செருகிய ரேம் என்னும் நினைவக அட்டையின் ஒரு முனையை அழுத்திக்கொண்டிருக்கிறது. விரலை எடுத்தால் திரை உறைந்துவிடும். நேற்று வந்த மூன்று போர்டுகளிலும் இதே கதைதான். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால்தான் தேர்ச்சி; இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. இதே போர்டு பொருத்திய மூச்சுக்கருவிகளை வெளியே லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். “சார், ஆஸ்பத்திரியில ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் நான் போய் இப்படி நிக்க முடியுமா?” என்று மெல்லக் கேட்கிறாள். பக்கத்தில் நிற்கும் மேலாளர் சிரிக்கிறார். “புது மாடல்னா மொதல்ல கொஞ்சம் அடம் பிடிக்கத்தாம்மா செய்யும். பின்னாடி சாஃப்ட்வேர்ல சரி பண்ணிக்கலாம். நீ வாயைத் திறக்காம விரலை மட்டும் பார்த்துக்கோ.” திரை பச்சையாகிறது. அவர் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு லாரியை நோக்கி வேகமாக நடக்கிறார். அவள் விரலை எடுக்கிறாள். நுனியில் ரேமின் விளிம்பு வெள்ளைக் கோடாகப் பதிந்திருக்கிறது. திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தின் நொடிகள் நாற்பத்தொன்றில் நின்றுவிடுகின்றன. “சார்” என்கிறாள். லாரிக் கதவைச் சாத்தும் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.