வெள்ளைப் பில்ரர்

என் கணவர் அதைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன மெதுமை!" என்றார்.

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

துணுக்காய்ச் சந்தியில் முத்துலிங்கத்தின் மோட்டார்ச் சாமான் கடை. ஓலைக் கொட்டில்தான். தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணி வெயில். றோட்டால் ஒரு லொறி போனால் புழுதி இறங்க அரை மணித்தியாலம் செல்லும்.

அந்தப் புழுதியைத் தின்று தின்று எங்கள் மொறிஸ் மைனர் இருமத் தொடங்கியிருந்தது. பெற்றோல் இல்லாத ஊரில் அது மண்ணெண்ணெயில் ஓடுகிற கார். ஏற்கெனவே பாதி உயிர்தான். தூசியைத் தடுக்க நல்ல எயார் பில்ரர் போடாவிட்டால் எஞ்சின் இந்த மாதம் தாங்காது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சண்டையால் பாதை பூட்டு. வவுனியாவிலிருந்து ஒரு ஆணிகூட வராது. முரசுமோட்டையில் வீட்டையும் வயலையும் விட்டுவிட்டு அகதி முகாமில் கிடக்கிற எங்களுக்கு அந்தக் கார்தான் சோறு போடுகிறது.

போன மாதம் இவர் தானே ஒரு பில்ரர் செய்தார். என் பழைய நூல் சேலையைக் கிழித்து. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடிவரும்போது கொண்டுவந்த ஒரேயொரு நூல் சேலை அது. என் இரண்டு பெட்டைப் பிள்ளைகளுக்கும் தேவைப்படும் என்று துவைத்து மடித்து வைத்திருந்தேன். மிச்சம் இருந்ததெல்லாம் நைலெக்ஸ் சேலை. ஒன்றுக்கும் உதவாது.

அன்றைக்கு நான் பேசின பேச்சில்தான் இன்றைக்குக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நானே பார்த்து எடுக்கவேண்டுமாம்.

முத்துலிங்கம் பில்ரருக்கென்று மேசையில் மூன்றை வைத்தான்.

ஒன்று எண்ணெயில் தோய்த்த தென்னந்தும்பு. மற்றது மடித்துத் தைத்த நுளம்பு வலை. மூன்றாவது இது. வெள்ளை. நீளமாக, உள்ளே பஞ்சு, மேலே மெல்லிய வலைத்துணி.

"வெளிநாட்டுச் சாமான் அண்ணை. பிரிச்சு மெல்லிசாக்கித் பில்ரர்த் தகரத்தைச் சுத்திக் கட்டினால் ஒரு தூசி உள்ளுக்குப் போகாது."

கடையில் நின்ற மற்ற இரண்டு பேரும் வாங்கித் தடவினார்கள். ஒருவன் மணந்து பார்த்தான். நல்ல வாசமாம். இவர் திரும்ப வாங்கி, வாயில் வைத்து ஊதினார். காற்று அளவாகப் போகிறதாம்.

சீ! நாலு ஆம்பிளைகள். நாலு பேருக்கும் பெண்சாதி இருக்கிறாள். ஒருத்தனுக்காவது தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியுமா?

எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு முன்பு நான் பரந்தனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தவள். மாதத்தில் அந்த நாட்களுக்குப் பெண்கள் வைக்கிற பஞ்சு இது. வாங்க வருகிறவர்களுக்குப் பேப்பரில் சுற்றி, ஒருவர் கண்ணிலும் படாமல் கையில் கொடுத்து அனுப்புவோம்.

முத்துலிங்கத்தின் காலடியில் மட்டைப்பெட்டி இருந்தது. மூடியில் நிவாரண முத்திரை.

போன மாதம் முகாமில் பட்டியல் நீட்டினார்கள். வாளி, பாய், பெண்கள் பொதி என்று மூன்று இடத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். வாளி வந்தது, பாய் வந்தது. பெண்கள் பொதி எங்கே என்று கேட்டேன். இன்னும் வரவில்லை, வந்தால் தருவோம் என்றார் முகாம் செயலாளர் ஏரம்பு. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வந்துதான் இருக்கிறது. தூ!

திங்கட்கிழமை என் மூத்தவள் பிரேமிளாவுக்கு ஏ.எல் சோதனை தொடங்குகிறது. அவளுக்கு மாத நாளும் அந்தக் கிழமைதான். போன தவணைச் சோதனையில் பாதியில் எழும்பி, புத்தகப் பையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு நாலு மைல் நடந்து வந்தவள். இந்த முறை போகவே மாட்டேன் என்று மூன்று நாளாக மூலைக்குள் குந்தியிருக்கிறாள். பிள்ளைக்குச் சோதனைப் பயம் என்று இவர் முகாம் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

கத்திச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. களவெடுத்தவனுக்கு வெட்கம் இல்லை, விற்கிறவனுக்கு இல்லை, எனக்குத்தான் வெட்கம். என்னை நினைக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"எல்லாத்தையும் பெட்டியோட தாரும் தம்பி."

முத்துலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்காவுக்கு எத்தினை வாகனம் ஓடுது?"

"மூண்டு" என்றேன்.

கையெழுத்து வைத்து எடுக்கவேண்டிய சாமானுக்குக் காரோடி உழைத்த காசை எண்ணிக் கொடுத்தேன். இவர் கையில் இருந்ததையும் பறித்துப் பெட்டிக்குள் போட்டேன்.

காரடிக்கு வந்ததும் இவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சேரும், உமக்கென்ன விசரே? எங்களிட்ட ஒரு காரெல்லோ நிக்குது!"

பெட்டியைப் பின்சீற்றில் வைத்துச் சாக்கால் மூடினேன்.

"நானும் உங்கட ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும். மூண்டு."

இவர் சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்தார். இன்னொரு தரமும் துடைத்தார்.

மண்ணெண்ணெய் பிடிக்கும்வரைக்கும் என்று போத்தலில் வைத்திருந்த நாலு துளி பெற்றோலை எஞ்சினுக்குள் விட்டு, காரை ஸ்ராட் பண்ணினார். அது இருமியது. றோட்டைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்.

"அப்ப, காருக்கு?"

"நீங்கள் கட்டுற சாரத்தைக் கிழியுங்கோ" என்றேன்.