வண்டி ஆறட்டும்

"அந்த ஆளுக்கா வித்தீங்க? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

ரியோகோ போட்ட சத்தத்தில் நெமோத்தோ போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பார். அவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி விற்கிறவர். செத்துப்போன அப்பாவின் வெள்ளை ஸ்கைலைன் காரைப் போன வாரம்தான் அவரிடம் கொடுத்திருந்தாள்.

"அமெரிக்காவுக்குக் கப்பல்ல போகும்னு சொன்னீங்களே!"

"போகத்தான் இருந்துச்சும்மா. அதுக்குள்ள காகினுமா சாரே கடைக்கு வந்துட்டாரு. பேரமே பேசல. ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாரு. அரசாங்கச் சோதனைக்காக நான் கழட்டி வச்சிருந்தேனே, உங்கப்பாவோட பெரிய சைலன்ஸர், அதையும் சேர்த்துக் குடுக்கணும்னாரு."

"எதுக்குன்னு புரியலையா? ரெண்டையும் சேர்த்து நசுக்கிப் பழைய இரும்புக்குப் போடத்தான்!"

பக்கத்து வீட்டுக் காகினுமாவை அவளுக்குத் தெரியாதா என்ன! நகராட்சியில் இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். சட்டம் என்றால் உயிர்.

அப்பாவுக்கு அந்த வண்டிதான் உயிர். டர்போவை மாற்றினார், சத்தம் கூட வருகிற பெரிய சைலன்ஸராக மாற்றினார், ஞாயிற்றுக்கிழமையானால் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் எஞ்சினை அணைக்க மாட்டார். சூட்டோடு அணைத்தால் டர்போ கெட்டுவிடுமாம். வாசலில் நிறுத்தி உறுமவிட்டு, ஆறும் வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

காகினுமா ஜன்னலைப் படாரென்று சாத்துவார். வீடு வீடாகச் சுற்றி வரும் தெருச் சங்கத்து அறிவிப்பு அட்டையில் 'சிலர்' என்று ஆரம்பித்துக் காரசாரமாக எழுதுவார். ஒரு தடவை போலீஸையே கூப்பிட்டுவிட்டார்.

அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு வருடக் கடைசியில், ஊரெல்லாம் அக்கம்பக்கத்துக்கு எண்ணெயும் பழமும் பரிசு அனுப்பிக்கொண்டிருக்க, இவர் காகினுமாவுக்கு மஞ்சள் நிறக் காதடைப்பான் ஒரு பெட்டி அனுப்பினார். அழகாகக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி! அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

இப்போது அந்த மனுஷன் வண்டியை வாங்கியிருக்கிறார். செத்தவரிடம்கூடப் பழி தீர்க்க வேண்டுமா?

ரியோகோவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வண்டியை விற்றதே அம்மாவுக்காகத்தான். அம்மா ஃபுமியேவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகிறது. அப்பாவின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. ஆனாலும் பொழுது சாய்ந்தால் போதும், வண்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அப்பா இன்னும் வரலையா?" என்பாள்.

முதலில் எல்லாம் ரியோகோ உண்மையைச் சொன்னாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் அம்மா அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி கதறினாள். ஒரே சாவுக்கு ஒருத்தி எத்தனை தடவைதான் அழுவாள்? ரியோகோ சொல்வதை நிறுத்திவிட்டாள்.

வண்டி போனால் காத்திருப்பதும் போகும் என்று நினைத்தாள். வண்டிதான் போனது.

அன்று சாயங்காலமும் மீன் வறுத்து, சூப் ஊற்றி வைத்தாள். அம்மா சாப்பிடும் குச்சியைத் தொடவில்லை.

"ஒரு வாய் சாப்பிடும்மா. எலும்பும் தோலுமா ஆயிட்டே."

"அவர் வரட்டும்."

"அப்பா வர லேட்டாகும்மா."

"அவர் வராம நான் என்னிக்குடி சாப்பிட்டிருக்கேன்?"

சூப்பை இரண்டு தடவை சூடு பண்ணியாயிற்று. ரியோகோ மூன்றாவது தடவையாகக் கிண்ணத்தை எடுத்தபோது வாசலில் அது கேட்டது.

அடித்தொண்டையிலிருந்து வருகிற அந்த உறுமல். தெருமுனையில் கியர் குறைக்கும்போது வருகிற இருமல். ரியோகோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வந்துட்டாரு!" அம்மாவின் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா?" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். பிறகு குச்சியை எடுத்தாள்.

"நீயும் உக்காருடி. அவர் வண்டியை ஆற வச்சுட்டுதான் வருவாரு. காத்திருந்தா திட்டுவாரு."

அம்மா சாப்பிட்டாள். மீனில் முள்ளை ஒதுக்கி ஒதுக்கி, சோறு முழுவதும் சாப்பிட்டாள். காலிக் கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றாள். சோற்றைப் போட்டுவிட்டு ரியோகோ வெளியே ஓடினாள்.

வாசலில் வெள்ளை ஸ்கைலைன் உறுமிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி காகினுமா உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. அவளைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"என்னைத் தப்பா நினைக்காதேம்மா. இருபது வருஷமா தினம் இந்தச் சத்தம் வரும். கையோட உங்கம்மா 'வந்துட்டீங்களா'ன்னு கேப்பாங்க. அப்புறம் தட்டு, கிண்ணம் சத்தம். உங்கப்பா சாவுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல. அவங்க சாப்பிடறாங்களோ என்னவோன்னு எனக்கு ராத்திரியில தூக்கமே வரல."

ரியோகோவுக்கு இந்த மனுஷனையா அப்படி நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"சாப்பிட்டாங்க. இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டுச் சாப்பிடறாங்க" என்றாள்.

"என்னது?"

"அம்மா சாப்பிடறாங்க!"

"சத்தமாச் சொல்லும்மா. ஒண்ணும் கேக்கல" என்றபடி, காகினுமா தன் காதுக்குள்ளிருந்து அந்த மஞ்சள் காதடைப்பானை உருவினார்.