மலையம்மாளின் மூக்கு

"ஆத்தாடி! இன்னைக்கு மல்லி வாசம் ஆளையே தூக்குதே!" என்றாள் மலையம்மாள், கூடைக்குள் முகத்தைப் புதைத்தபடி. மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து பூ ஏற்றி வந்த வேன் டிரைவர் பெருமையாகச் சிரித்தான்.

அவள் மூக்குக்கு மல்லியும் ஒன்றுதான், வைக்கோலும் ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது வாசத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பரவை பக்கத்து சென்ட் கம்பெனியில் அவளுக்கு வேலையோ, பூவிலிருந்து இறக்கிய சரக்கை முகர்ந்து பார்த்து அனுப்புவது.

வெளியே சொல்ல வழியில்லை. புருஷன் காளைக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அது நடப்பதே அவளுடைய இ.எஸ்.ஐ. அட்டையில்தான். வேலை போனால் அட்டையும் போகும். அதனால் சரக்கின் நிறத்தைப் பார்த்தும், கூட முகர்பவர்களின் முகத்தைப் பார்த்தும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

போன வாரம், துபாய்க்கு அனுப்பிய சரக்கு வாசம் சரியில்லை என்று திரும்பி வந்தது. இன்று முதலாளி, முகர்ந்து பார்க்கும் மூன்று பேரையும் தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டார்.

முதலில் போய்விட்டு வந்த ரோகிணியின் கையைப் பிடித்துக்கொண்டாள் மலையம்மாள்.

"என்னடி கேட்டாரு?"

"ஒரு பாட்டிலக் குடுத்து என்ன வாசம்னு கேட்டாருக்கா. மல்லின்னேன்."

மல்லி, மல்லி என்று மனசுக்குள் உருப்போட்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அடுத்துப் போன சிவபாண்டி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். "சம்பங்கிக்கா. ரொம்ப லேசாத்தான் இருந்துச்சு. ஆனாலும் புடிச்சிட்டம்ல!"

"சம்பங்கியா? ரோகிணிக்குக் குடுத்த அதே பாட்டிலா?"

"மேசையில இருக்கதே ஒத்தப் பாட்டில்தான்."

ரெண்டில் எதைச் சொல்வது? யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "மலையம்மா, வாங்க."

முதலாளி பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

மூடியைத் திறந்து, நெஞ்சு முட்ட இழுத்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன காளையின் கைதான் கண்ணுக்குள் வந்தது. மல்லியா? சம்பங்கியா? இன்றைக்குத் தப்பினாலும் நாளைக்கு மாட்டுவோம் என்று தோன்றியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"மன்னிச்சிருங்க சார். எம்புட்டு இழுத்துப் பாத்தாலும் எனக்கு ஒரு வாசமும் தெரியல."

முதலாளி சட்டென்று திரும்பினார். காய்ச்சலைப் பற்றியும் காளையைப் பற்றியும் சொல்ல அவள் கைகூப்பினாள். அவர் காதில் வாங்காமல் கதவைத் திறந்து மேனேஜரைக் கூப்பிட்டார்.

"வெளியே நிக்கிற ரெண்டு பேரையும் இன்னையோட நிறுத்திருங்க. இனிமே சரக்குக்கு இந்த அம்மா மூக்கு மட்டும் போதும்."

மலையம்மாள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். முதலாளி பாட்டிலை எடுத்து அப்படியே வாயில் கவிழ்த்துக் குடித்தார்.

"வெறும் தண்ணிம்மா இது!"