வெள்ளை வட்டம்

தாத்தாவின் பதக்கங்கள் வீடு வந்து சேரவே இல்லை. அதனாலோ என்னவோ, கிருபாகரன் ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரின் பழம்பொருள் சந்தையில் யார் யாருடைய பதக்கங்களையோ வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தான். 2006 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிடைத்தது, ஜெர்மன் சிப்பாய் ஒருவனின் சிலுவைப் பதக்கம். நாஜிச் சின்னம் வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம். அதனால் நடுவில் வட்டமாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை நகத்தால் உரித்தான். அது கை தவறி எங்கோ விழுந்தது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை வேலூரிலிருந்து அம்மா போன் செய்தாள். அவள் பிறப்பதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போரில், பிரிட்டிஷ் இந்தியப் படைச் சிப்பாயான தாத்தா இத்தாலியில், ஜெர்மன்காரர்களோடு நடந்த சண்டையில் இறந்துபோனார். அம்மாவுக்குத் தெரிந்த அப்பா, கூடத்தில் மாட்டியிருக்கும் படம்தான்.

"அப்பா போட்டோல, நெஞ்சு மேல, வெள்ளையா வட்டமா என்னமோ ஒட்டியிருந்துச்சுடா. கண்ணாடிக்கு உள்பக்கம்."

"அதுல கை வைக்காதம்மா."

"ஃப்ரேமைக் கழட்டிப் பிச்சுட்டேனே."

"அடியில என்ன இருக்கு?"



"அப்பா நெஞ்சுல துணிய வச்சு அழுத்திட்டே இருக்கேன்டா," என்றாள். "நிக்க மாட்டேங்குது."