ரேகை விழாத வருடம்

உப்பு வாரி வாரிப் பேச்சித்தாயின் கை எரிந்தது. உப்பளத்துக் கங்காணி அறைந்த கன்னம் அதைவிட எரிந்தது. காவல் நிலையத்தில் உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. ஏட்டு கணினித் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“ஏம்மா, வருசா வருசம் எல்லாரும் அரசாங்கத்தோட போடுற ஒப்பந்தத்துல இந்தத் தடவ ஒன் ரேகை விழல. வெரல உப்பு தின்னுட்டு. ஒப்பந்தம் இல்லாம சட்டம் ஒனக்குக் காவலுக்கு வராது.”

“அப்போ நான் அவன அடிச்சா?”

ஏட்டு விழித்தார். “ஒன்னயும் சட்டம் கேக்காதுதான்...” அவசரமாக ரேகைக் கருவியை நீட்டினார். “வேற வெரல வையி. இனிமே அடிச்சான்னா கேஸ் போடலாம்.”

“இன்னைக்கு அடிச்சதுக்கு?”

“அதுக்கு முடியாது.”

பேச்சித்தாய் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“நாளைக்கு வந்து வைக்கேன் ஏட்டையா. கங்காணிக்கு ஒரு அறை பாக்கி இருக்கு.”