பனிக்கடியில் ஒரே ஒருவர்

சரிவு போய்விட்டது.

ஒரு நிமிடம் முன்புவரை அங்கே முழங்காலளவு புதுப்பனி கிடந்தது. சிலிப் பக்கத்துக் காற்று மூன்று நாளாகக் கொண்டுவந்து கொட்டிய பனி. இப்போது அடியிலிருந்த பழைய பனி மட்டும் பளபளத்தது. கீழே, எம்புதோ என்ற அந்தச் சரிவு புனல்போலக் குறுகும் கழுத்தில், பனித்தூளின் வெண்புகை இன்னும் அடங்கவில்லை.

"சிமோன்!" என்று மலேனா கத்தினாள்.

பனியில் சறுக்கிப் போன தம்பி மூன்று முறை வளைந்து திரும்பியதை அவள் பார்த்தாள். நான்காவதைப் பார்க்கவில்லை.

மார்பில் கட்டியிருந்த சிக்னல் கருவியைத் தேடலுக்கு மாற்ற வேண்டும். புதைந்தவரின் கருவி எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று அது காட்டும். கையுறையோடு முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்துத் துப்பினாள். திரையில் ஒன்றுமில்லை.

ரேடியோவில் ரோந்துக்காரர்களைக் கூப்பிட்டாள். வந்து சேர இருபத்தைந்து நிமிடமாவது ஆகும் என்றார்கள்.

சறுக்குகிறவர்களை மேலே ஏற்றும் லிப்டு முடிகிற இடத்தில் இருக்கும் கேட்டைத் தாண்டி வந்துவிட்டால் அவ்வளவுதான். யாரும் தடுக்கவும் மாட்டார்கள், உடனே ஓடி வரவும் மாட்டார்கள். தெரிந்துதான் எல்லோரும் தாண்டுகிறார்கள்.

பனிக்கடியில் மூச்சு தாங்குவது பதினைந்து நிமிடம். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

மணி பார்த்தாள். பத்து ஏழு.

பக்கவாட்டாகச் சறுக்கி இறங்கினாள். உடைந்த பனி கட்டி கட்டியாக, ஒவ்வொன்றும் ஒரு ஃபிரிட்ஜ் அளவுக்குக் குவிந்து கிடந்தது. எங்காவது சிவப்பு தெரிகிறதா என்று தேடினாள். சிமோனின் ஜாக்கெட் சிவப்பு.

கருவி பீப் அடித்தது. நாற்பத்தொரு மீட்டர்.

அழுகை முட்டியது. அழுதால் எண் தெரியாது என்று விழுங்கிக்கொண்டாள்.

முப்பத்திரண்டு. பத்தொன்பது. இருபத்துநான்கு. தப்பு, திரும்பு. பதினொன்று. நாலு.

சறுக்குப் பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு மண்டியிட்டாள். பையைக் கவிழ்த்தாள். மண்வாரி, மடக்குக் கம்பி, மாத்தே டீ பிளாஸ்க் எல்லாம் உருண்டன. கம்பியை நீட்டிக் குத்தினாள். பனி. தள்ளிக் குத்தினாள். பனி. ஆறாவது குத்தில் கம்பி மெத்தென்று எதிலோ போய் நின்றது.

தோண்டினாள். சரிந்து நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. வெட்டி வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"இருடா, சிமோ. வந்துட்டேன். இருடா." வேறெதுவும் வாயில் வரவில்லை.

பத்து பதினேழு.

முதலில் தெரிந்தது ஒரு கை. பழுப்புத் தோல் கையுறை. சிமோனிடம் அப்படி ஒன்று கிடையாது.

மண்வாரி நின்றது.

ஒரு மூச்சு நேரம்தான். தலையைத் தூக்கி, இன்னும் தேடாத இடம் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தாள். பிறகு முன்னிலும் வேகமாகத் தோண்டினாள், அந்தக் கையைத் திட்டிக்கொண்டே.

நரைத்த மீசை. நீலம் பாரித்த உதடு. வாயிலிருந்த பனியை விரல் விட்டு எடுத்தாள். கன்னத்தில் அறைந்தாள். மூன்றாவது அறைக்கு அந்த மனிதர் பெரிய கேவலோடு மூச்சை இழுத்தார்.

இன்னும் இடுப்புவரை புதைந்துதான் இருந்தார். இருக்கட்டும். அவர் மார்பிலிருந்த கருவியை அணைத்துவிட்டுத் தன் திரையைப் பார்த்தாள்.

காலி.

பனிக்கடியில் வேறு யாரும் இல்லை. அல்லது, இருப்பவனுடைய கருவி நசுங்கிவிட்டது.

"அக்கா!"

மேலே, வலப்பக்கப் பாறை முகட்டிலிருந்து, காலில் ஒற்றைப் பலகையோடு, உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு வந்தான் சிமோன். பனி அவனைப் பாறைமேல் எறிந்துவிட்டுப் போயிருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது.

வந்த வேகத்தில் அவள்மேல் விழுந்தான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதின.

"எவ்வளவு கத்தினேன் தெரியுமா? செவிடு!" என்றான். சொல்லிவிட்டு அழுதான்.

இருவருமாகச் சேர்ந்து அந்த மனிதரைத் தோண்டி எடுத்தார்கள். பெயர் எவாரிஸ்தோ. புதுப்பனி விழுந்த மறுநாள், பக்கத்து லிப்டிலிருந்து குறுக்குவழியாக இந்தக் கழுத்துக்குத் தனியாக வருவாராம். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. மலேனாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ மட்டும் வரலேன்னா அவ்வளவுதான், கண்ணு. நான் செத்திருந்தா என் பொண்டாட்டி என்னைக் கொன்னே போட்டிருப்பா." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பானது.

பிறகு மேலே பார்த்தார்.

"எவனோ மேலேருந்து பனியை உடைச்சு விட்டிருக்கான். யாருன்னு பாத்தியா?"

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து சிமோன் அவளைப் பார்த்தான். சொல்லாதே என்பதுபோல இடவலமாக லேசாகத் தலையாட்டினான். வேண்டாம்.

"நான்தான்," என்றாள் மலேனா. "தம்பி இறங்கி முடிக்கிறவரைக்கும் மேலேயே நின்னிருக்கணும். நிக்கலை. பனி நல்லா இருக்கேன்னு நானும் இறங்கிட்டேன். என் பாரத்துல உடைஞ்சுடுச்சு."

எவாரிஸ்தோவின் சிரிப்பு நின்றது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையை மட்டும் அவர் விடவில்லை. விட்டால் அவரால் உட்கார முடியாது.